இல்லை என்ற இடம்

கரையான்சாவடியில் எங்கள் குடியிருப்பின் போர் வற்றியதும், நீரோட்டம் பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் கேட் அருகே விருட்டென்று எழுந்து நின்றது; கார் நிறுத்துமிடத்தில் அசையவே இல்லை.

“கேட்டாண்ட தண்ணி கீது, இங்க இல்ல. மொதல்ல இங்க போர் போடு சார்.”

“இல்லாத இடத்துல எதுக்குங்க?” என்றார் எங்கள் செயலாளர்.

“கீதுன்ற எடத்துல தண்ணி வந்தா, வேற எங்க தோண்டினாலும் வந்திருக்குமோ இன்னாவோ? இல்லன்ற எடத்துல தோண்டினாதான் என் தேங்கா பொய்யான்னு தெரியும். இத்தினி வருசத்துல ஒருத்தரும் தோண்டல சார்.”

அவர் பிடிவாதம் வென்றது. மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் தோண்டியதும் தண்ணீர் பீறிட்டது.

“நான் சொன்னது தப்பு சார், தப்பு!” என்று நனைந்தபடி குதித்தவர், அந்தத் தேங்காயை உடைத்து எல்லோருக்கும் ஆளுக்கொரு சில்லு கொடுத்தார்.

என் கணிப்புகளும் எத்தனையோ முறை பொய்த்திருக்கின்றன. ஒருமுறைகூட நான் தேங்காய் உடைத்ததில்லை.