மிளகு ஏணியின் அடியில்

எங்கள் மலையில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவில் முளைத்த கிளைகளைக் கால் வைக்கிற அளவுக்கு விட்டு வெட்டியிருப்பார்கள். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் அதைச் சாய்த்து ஒருவர் ஏறினால், கீழே ஒருவர் பிடித்தே ஆக வேண்டும். விட்டால் உருண்டுவிடும். பிடிப்பது எப்போதும் பங்காளிதான். என் கணவர் ஏறும்போது அவருடைய அண்ணன் பிடிப்பார். அண்ணன் தோட்டத்தில் அவர் ஏற, இவர் பிடிப்பார். கல்யாணமாகி வந்த நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பயந்ததே இல்லை.

போன வருஷ மழையில் அண்ணன் தோட்டத்துக் கொடிகள் அத்தனையும் வேரழுகிச் செத்தன. நடுவே ஒரு கல்வரப்புதான். எங்கள் கொடிகள் சரம் சரமாய்க் காய்த்துத் தொங்கின. நாங்கள் ஒன்றும் சாமர்த்தியம் செய்யவில்லை, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது, அவ்வளவுதான். பலா பழுத்தால் பாதி அண்ணன் வீட்டுக்குப் போகும். வைத்திருந்தால் அழுகிவிடுமே! மிளகு அழுகாது. விலை ஏறும் வரை மூட்டையில் கிடக்கும். அதனால் அதை யாரும் வரப்பு தாண்டி நீட்டுவதில்லை, நாங்களும் நீட்டவில்லை. முதல் பறிப்பைச் சோளக்காடு சந்தையில் விற்று, வீட்டுக்குத் தளம் போட ஜல்லி இறக்கினோம். அண்ணன் வந்து அந்த ஜல்லியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றிலிருந்துதான் அவர் ஏணி பிடிப்பதை நினைத்தால் எனக்குப் பயம்.

இரண்டாம் பறிப்புக்கும் கூப்பிடாமலே வந்து மூங்கிலைப் பிடித்தார். கணவர் மர உச்சிக்குப் போய்விட்டார். நான் கீழ்ச்சரங்களைப் பறிப்பதுபோல அண்ணன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வை துடைக்க அவர் ஒரு கையை எடுத்தார். ஓடிப்போய் அவர் கைக்கு மேலே மூங்கிலை இறுக்கிப் பிடித்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் அம்மணி, நான் உட்டுருவேன்னு பயமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம், பிடியை இன்னும் இறுக்கினேன். அவர் கையை எடுத்துவிட்டு, வரப்பு தாண்டிப் போய்ச் செத்த கொடிகளுக்கு நடுவே எனக்கு முதுகு காட்டி நின்றார். பாரம் முழுக்க என் கைக்கு வந்தது. மூங்கில் மெல்லத் திரும்பியது. கத்தினால் மேலே இருப்பவர் பதறிக் காலைத் தவற விடுவார். ஒன்றும் தெரியாத அவரோ, "அண்ணா, எறங்கறேனுங்க, நல்லாப் புடிச்சுக்கங்க" என்றார்.

அந்தக் குரல் கேட்டதும் அண்ணன் ஓடிவந்தார். தம்பி தரையில் கால் வைக்கும் வரை பிடித்திருந்தார். நடந்ததை இருவருமே அவரிடம் சொல்லவில்லை.

இந்த வருஷமும் அண்ணன் வந்தார். மூங்கிலைச் சாய்த்ததும், கையை வைக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் ஒரு பக்கம் புடி அம்மணி. ஏதாச்சும் ஆயிட்டா என்னையத்தான சொல்லுவீங்க."

போய்ப் பிடித்தேன். மேலே போனவர் இறங்கும் வரை, அண்ணன் கையை நானும் என் கையை அவரும் பார்த்தபடி நின்றோம்.