சொறி சொல்லிப் பழகிய வருடம்

என் கணவர் டென்மார்க்கைத் திட்டாமல் காலைத் தேநீர் குடித்ததில்லை. காற்று, வரி, பின்னேரம் மூன்று மணிக்கே விழும் இருட்டு, உப்புப் புளியில்லாத சாப்பாடு என்று கிழமைக்கு ஒன்றாக முறை வைத்துத் திட்டுவார். அதனால் ஒரு நாள் நான் "இங்கிலாந்துக்குப் போவமே?" என்று கேட்டபோது துள்ளிக் குதிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "இஞ்சை எங்களுக்கு என்ன குறை?"

நாங்கள் ஹேர்னிங் என்ற டேனிஷ் நகரத்தில் இருக்கிறோம். நான் தாதி. அவர் சோபா செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தத் தொழிற்சாலை தன் சோபாக்களைப் போலந்தில் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்த பிறகு அவர் வீட்டில் இருந்தார், தக்காளிக் கன்றுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றலாம் என்ற ஆராய்ச்சியில். மகள் படிக்கவென்று கோப்பன்ஹேகன் போய்விட்டாள். அப்போதுதான் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனைக்குத் தாதிமார் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டேன். விளையாட்டாக விண்ணப்பித்தேன். அவர்கள் விளையாடவில்லை. வேலை தந்துவிட்டார்கள்.

ஏன் போக ஆசைப்பட்டேன் என்று பலரும் கேட்டார்கள். சம்பளம் என்றேன், ஆங்கிலம் என்றேன், கண்ணுக்கெட்டிய தூரத்தில் நல்ல முருங்கைக்காய் என்றும் சொன்னேன். உண்மை வேறு. முதல் தடவை நான் நாடு மாறியபோது யாரும் என் விருப்பத்தைக் கேட்கவில்லை. ஊரில் குண்டு விழுந்தது, வெளிக்கிட்டோம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது எவரும் துரத்தாமல், நானாக ஆசைப்பட்டு, சூட்கேசை ஆறுதலாக மடித்து அடுக்கி ஒரு நாட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. இதைக் கணவரிடம் சொன்னபோது எழுந்துபோய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, "சரி, தக்காளி பழுக்கட்டும்" என்றார். அதுதான் சம்மதம்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள். பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். அழுததும் டேனிஷில்தான் என்பது என் எண்ணம். அன்றும் டேனிஷில் சொன்னாள்: "வீட்டைவிட்டுப் போவது பிள்ளைகளின் வேலை. அதைப் பெற்றோர் செய்யக்கூடாது."

"நீர்தானே முதலிலை போனனீர்" என்றார் தகப்பன்.

பிரித்தானியப் பழக்கவழக்கங்களுக்கு ஆசிரியை, லண்டனில் இருக்கும் என் மச்சாள், கணவரின் தமக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் வகுப்பு நடக்கும். அவர் கருவாடு பொரித்துக்கொண்டே பாடம் நடத்துவார்.

"காணுற சனமெல்லாம் 'யூ ஓல்ரைட்?' எண்டு கேட்கும். உடனை நாரி நோ, முழங்கால் நோ எண்டு துவங்கிப்போடாதை. நீ வாய் திறக்க முதல் ஆள் போயிடும்."

"அப்ப என்னத்துக்கு மச்சாள் கேட்கினம்?"

"அது கேள்வியில்லையடி. சத்தம்."

அடுத்த பாடம் 'சொறி'. நீ இடித்தாலும் சொறி, உன்னை இடித்தாலும் சொறி, ஒருவரும் ஒருவரையும் இடிக்காவிட்டாலும் சொறி. தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதால் என் கணவர் ஒவ்வொரு தடவையும் கையைச் சொறிந்து காட்டுவார். ஆனால் பாடத்தை அவர்தான் என்னைவிடச் சிரத்தையாகப் படித்தார். ஹேர்னிங் சூப்பர்மார்க்கெட்டில் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். டேனிஷ் சனம் பால் எடுப்பதென்றால் உங்கள் தோளுக்கு மேலால் கையை நீட்டி எடுத்துக்கொண்டு போகும். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இவரோ 'பிளீஸ்' என்பதற்கு ஒரு தனிச் சொல்கூட இல்லாத அந்த மொழியில், உருளைக்கிழங்கின் அருகே நின்ற பெண்ணிடம் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டார். அவள் முதலில் விலகினாள். பிறகு என்ன வேண்டும் என்று கேட்டாள். கடைசியில் என்னைப் பார்த்து, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

சாமான் கட்டும்போதுதான் மனிதரின் சுயரூபம் தெரிந்தது. இருபத்தைந்து வருடமாகச் செங்கல் என்று ஏசிய டேனிஷ் கறுத்தப் பாண் ரொட்டியில் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார். வாயில் வைத்தாலே துப்பும் உப்பு இனிப்பு, மெழுகுதிரிக் கட்டுகள், பிறந்தநாள் கேக்கில் குத்தும் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள்.

"இதுகள் என்னத்துக்கு?" என்றேன்.

"கிடக்கட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அரசாங்கத்துக்கு அறிவிக்கும் வேலையைக் கணினியில் செய்தோம். சில பொத்தான்களை அழுத்தியதும் நாங்கள் டென்மார்க்கில் வசிக்காதவர்கள் ஆகிவிட்டோம். அது அவரை மிகவும் புண்படுத்தியது. "இவ்வளவு காலம் வரி கட்டினனான்" என்றார். "ஏனப்பா போறாய் எண்டு ஒரு வார்த்தை கேட்கேல்லைப் பாரும்!"

வீட்டை ஓர் இளம் தம்பதிக்கு ஒரு வருடத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, கார் நிறையச் சாமானோடு ஜேர்மனி, ஒல்லாந்து தாண்டிக் கப்பலேறினோம்.

இங்கிலாந்தில் கிடைத்த வீட்டின் கைகழுவும் தொட்டியில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று தோலை உரிக்கும், மற்றது விறைக்க வைக்கும். நடுவே ஒரு சமரசமும் கிடையாது. அதைவிடப் பெரிய தொல்லை குளியலறைக் கயிறு. அங்கே விளக்கைப் போடக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். நான் வேலை செய்த டேனிஷ் ஆஸ்பத்திரிகளில் குளியலறைக் கயிறு என்றால், விழுந்துபோன நோயாளி தாதியைக் கூப்பிடும் கயிறு. முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு தடவை விளக்குப் போடும்போதும் யாரோ ஓடி வரப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டால் ஓட வேண்டியவள் நான்தானே என்று பிறகுதான் நினைவு வரும்.

அந்த நாட்டில் மலர்ந்தவர் என் கணவர். போன அடுத்த கிழமை பஸ் தரிப்பில் ஒரு கிழவர் இவரைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றாராம். முன்பின் தெரியாத ஒருவர், வெளிநாட்டில், தானாக வாய் திறந்து இவரோடு கதைத்திருக்கிறார்! வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னார். இவரும் பதிலுக்கு, நேற்றையதைவிடப் பரவாயில்லை என்றாராம். கிழவர் அதை ஆமோதித்தாராம். பேச்சு பஸ் வரும்வரை நீண்டதாம்.

அதன் பிறகு போக வேண்டிய இடம் எதுவுமில்லாத நாட்களிலும் அவர் பஸ் தரிப்புக்குப் போனார். பழைய சாமான் விற்கும் தர்மக் கடை ஒன்றில் சம்பளமில்லாத வேலை தேடிக்கொண்டார். அங்கே உடைந்த கதிரைகளைத் திருத்துவதும் வருகிறவர்களோடு மேகங்களைப் பற்றிக் கதைப்பதும்தான் வேலை. கறுத்தப் பாணும் கொடிகளும் பெட்டியிலேயே கிடந்தன.

பிசகிப்போனது எனக்குத்தான்.

என் வார்ட்டில் காயத்துக்குக் கட்டும் சாமான்கள் இருந்த அலுமாரி நடைபாதையின் அந்தக் கடைசியில் இருந்தது. ஒரு கட்டுத்துணிக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். அதைக் கட்டில்களுக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். என்னைவிட வயது குறைந்த, எப்போதும் சிரித்த முகமான பெண். "அது மிகவும் சுவாரசியமான யோசனை" என்றாள். டென்மார்க்கில் ஒருவர் சுவாரசியம் என்றால் அது சுவாரசியம்தான். அடுத்த நாள் ஒரு பணியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அலுமாரியை மாற்றிவிட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். "ஓ" என்றாள். அடுத்த தடவை முதலில் கொஞ்சம் பேசிக்கொண்டால் நன்றாக இருக்குமோ என்னவோ என்றாள். சரியென்று, அடுத்த தடவை முதலிலேயே பேசினேன்: படுக்கைத் துணி அடுக்கிய வண்டியையும் இடம் மாற்றலாம். "மனத்தில் வைத்துக்கொள்கிறேன்" என்றாள். மனத்தில் இடம் கொடுத்துவிட்டாள் அல்லவா? வண்டியையும் மாற்றினேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அறைக்கு அழைத்தார்கள். தேநீர் வந்தது, பிஸ்கட்டும் வந்தது. பிஸ்கட் வந்தால் விஷயம் பெரிது என்பதை மச்சாள் சொல்லித்தரவில்லை.

"உங்கள் உற்சாகத்தை நாங்கள் எல்லோரும் மிகவும் மதிக்கிறோம்" என்று தொடங்கினாள்.

"நன்றி" என்றேன்.

"சில பேருக்கு நீங்கள் சற்று... நேராகப் பேசுவது போலத் தோன்றலாம்."

"மிக்க நன்றி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்; டென்மார்க்கில் அது பாராட்டு.

அவள் பிஸ்கட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கோ ஏதோ சறுக்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"மன்னிக்க வேண்டும்" என்றேன். "நீங்கள் இப்போது எனக்கு ஏசுகிறீர்களா?"

அவள் கழுத்துவரை சிவந்தாள். "ஐயோ, இல்லை, இல்லை, அப்படியொன்றுமில்லை" என்றாள். பிறகு, "சரி, கொஞ்சம். ஓம். சொறி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கும் பிடித்துக்கொண்டது. இனிமேல் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முயற்சி செய்கிறேன் என்றாள். நேர்மையாக முயன்றாள், ஆனால் அந்த ஒற்றைச் சொல் அவள் தொண்டையில் மீன்முள்ளைப் போலச் சிக்கியது. ஒவ்வொரு தடவையும் "நோ" என்றதும் "தாங்க்யூ"வும் கூடவே வந்து விழும். அவளை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் நான் லீவில் நின்ற ஒரு சனி ஞாயிறில் அலுமாரி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. யார் மாற்றினார்கள் என்று கேட்டேன். அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்பதுபோல எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அப்படியே இருந்து பழகியிருப்போம். ஒரு பின்னேரம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா," என்றாள், "எப்ப வாறீங்கள்?"

தமிழில். அவள் வாயிலிருந்து ஒரு முழுத் தமிழ் வசனத்தை நான் கேட்டு வருடக் கணக்காகியிருந்தது. அவளோடு கூட இருந்த பெடியன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்பதைப் பிறகு டேனிஷில் சொன்னாள். அந்தச் செய்தி எனக்கு முதல் வசனத்திலேயே கிடைத்துவிட்டது. உடனே விமானம் ஏறினேன். கோப்பன்ஹேகனில் அவள் கட்டில் ஓரத்தில் இருந்து தலையைத் தடவிக்கொண்டே, நான் ஆசைப்பட்டது போய்ப் பார்க்கத்தான், அது முடிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன். துரத்தாமல் போனவள் துரத்தாமலே திரும்பியும் வரலாம். அதற்கும் யாரும் தடையில்லை.

திரும்புவோம் என்றதும் இந்த முறையும் சண்டை போட்டவர் கணவர்தான்.

"இப்பதான் எனக்கு நாலு சனம் பழக்கமாகியிருக்கு. ஹேர்னிங்கிலை நான் ஆரோடை கதைக்கிறது?"

"என்னோடை கதையுங்கோவன்."

"உம்மோடை வானத்தைப் பற்றிக் கதைக்கேலாது. நீர் உடனை உடுப்புக் காயப்போடச் சொல்லுவீர்."

அது நியாயமான குற்றச்சாட்டு. ஆனாலும் மகளின் பெயரைச் சொன்னதும் அவரே காரில் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார். கடைசி நாள் தர்மக் கடையில் அவருக்குக் கேக் வெட்டினார்களாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "இண்டைக்குக் குளிர் எண்டவை" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஹேர்னிங்குக்கு வந்து சேர்ந்த முதல் வசந்தத்தில், வேலிச் செடியின் அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்த அயலவரைப் பார்த்து என் கணவர் டேனிஷில், மழை வரும்போல இருக்கு என்றார். இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்த மனிதர். இயந்திரத்தை நிறுத்தினார். யோசித்தார். பொக்கெட்டிலிருந்து தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். "இல்லை, வியாழக்கிழமைதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெட்டத் தொடங்கினார்.

கணவர் மனமுடைந்து உள்ளே வந்தார்.

ஆனால் வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். பல்லெல்லாம் தெரிந்தது.

"மனுசன் தானா வேலியடிக்கு வந்தவரப்பா."

"வந்து?"

"'மழை' எண்டவர்."

"வேறை?"

"வேறையென்ன? நானும் 'ஓம், மழை' எண்டனான்."

உள்ளே போய் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றினேன். அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு குடையோடு மறுபடியும் வேலிப்பக்கம் போனார்.