எழுபத்தைந்து ஓம் எங்கே?

அம்மா ஈரச் சேலையை டிவி ஒயர்மேல் உதறிப் போட்ட நொடியில்தான் எனக்கு அது உறைத்தது. டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதுவரை நிழல் நிழலாக மூன்று மூக்கு. சேலை விழுந்ததும் இரண்டானது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா சேலையை நீவிவிட்டு, பக்கத்தில் ஒரு துண்டையும் போட்டாள். மூக்கு மறுபடி மூன்று.

"அம்மா, அந்தத் துண்டை எடுங்க!"

"ஏன், கறை போகலியா?"

"அதில்லீங்கம்மா. எடுங்க. எடுத்துட்டு மறுபடி போடுங்க."

எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். நான் உள்ளே இருந்து மூக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது தடவை, "பரிச்சை எழுதி எழுதி இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஒயருக்குள் போகிற படத்துக்கு, வெளியே தொங்குகிற துண்டைப் பற்றி எப்படித் தெரிகிறது? அப்படியானால் படம் ஒயருக்குள் மட்டும் போகவில்லை. சுற்றிலும் கசிந்துகொண்டு போகிறது!

டிவி ஒயரில் யாராவது துணி காயப்போடுவார்களா என்று கேட்பீர்கள். எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. முன்னால் அப்பாவின் பட்டறை, நடுவில் நீளமான வாசல், கடைசியில் வீடு. எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அப்பாவின் தொழில். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அவர் கேட்பது இரண்டே கேள்வி: "எத்தனை அடி? என்ன ஒயரு?" தூரம் கூடினால் ஒயரின் கனமும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் எரியும். இருபது வருடமாக இந்த விஷயத்தில் அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதுதான் சிக்கலே.

போன மழைக்கு டிவியில் புள்ளி புள்ளியாக வந்தது. ரோட்டுக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள் ஒயரை அப்பா வெட்டித் தோலை உரித்துப் பார்த்தார். உள்ளே ஊசிக் கனத்தில் ஒற்றைக் கம்பி.

"இருநூறு அடிக்கு இதையா போட்டிருக்கான்?" என்று அன்றைக்கே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆழ்குழாய் மோட்டாருக்குப் போடும் பட்டை ஒயரை இழுத்துக் கட்டிப்போட்டார். மூன்று கம்பி, இரண்டு விரல் அகலம். "முந்நூறு அடி ஆழத்துக்குக் கரண்டக் கொண்டுபோற ஒயரு, ஒரு படத்தக் கொண்டாராதா?" கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணன் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தவர், அதற்குப் பிறகு வசூலுக்குக்கூடத் தம்பியைத்தான் அனுப்புகிறார்.

புள்ளிகள் குறைந்தது உண்மைதான். அதற்குப் பதிலாக மூக்குகள் வந்தன. பட்டறையில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் திரையில் கோடு கோடாக ஓடியது. "புள்ளி போச்சில்ல?" என்பார் அப்பா. எத்தனை பாரம் போட்டாலும் தொய்யாத கொடி கிடைத்ததில் அம்மாவுக்கும் பரம திருப்தி.

இதற்கு நடுவில் எனக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை சென்னையில் இன்ஜினியரிங் கவுன்சிலிங். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் வேண்டும். அப்பாவுக்கு எலெக்ட்ரிகல்.

"எலெக்ட்ரானிக்ஸ்ங்கறது பொம்மை ரிப்பேரு கண்ணு. மோட்டாரு இருக்கறவரைக்கும் சோறு போடறது எலெக்ட்ரிகல்தான்."

"அந்தப் பொம்மையவே உங்களால சரி பண்ண முடியலீங்களேப்பா."

வாய் முந்திவிட்டது. பட்டறையில் காயில் சுற்றிக்கொண்டிருந்த வேலையாட்கள் இரண்டு பேரின் கைகளும் நின்றன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செரி அம்மணி. நீ பண்ணு. சனிக்கெழமைக்குள்ள படம் தெளிஞ்சா எலெக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கோ. தெளியலீன்னா மறுபேச்சில்லாம எலெக்ட்ரிகல்."

அது புதன்கிழமை. இரண்டு நாள் டிவியில் ஒயரைச் செருகும் பின்னைச் சுரண்டினேன், டிவியின் தலையில் தட்டினேன், சேனல் ஒவ்வொன்றையும் மறுபடி டியூன் செய்தேன். வெள்ளிக்கிழமைதான் சேலை விழுந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பாய் ஒருவரின் எலெக்ட்ரானிக்ஸ் கடை. மூன்று மூக்கு விவரத்தைச் சொன்னேன்.

"என்ன ஒயரும்மா போட்டிருக்கீங்க?"

"சப்மெர்சிபிள் ஒயருங்க. ஆழ்குழாய் மோட்டாருக்குப் போடறது."

பாய் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, கணக்க அப்புறம் பாக்கலாம், இங்க வா" என்றார். தம்பி வந்தார். "இப்பச் சொல்லும்மா."

மறுபடி சொன்னேன். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. கறுப்பு ஒயர் இரண்டை எடுத்து, நுனியை உரித்து என் முன்னால் வைத்தார். இரண்டிலும் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை உறை, அதன்மேல் செம்பு இழையில் பின்னிய வலை.

"இந்த வலைதான் வேலி. படம் வெளிய போகாது, வெளிய இருக்கறது உள்ள வராது. இந்த ஒயரப் பாரு, வலைக்கு நடுவுல வெள்ளை தெரியுதா? இந்த வேலியில ஆடே பூந்துரும். அதைப் பாரு."

இரண்டாவது ஒயரின் வலை பட்டு நெசவு போல நெருக்கமாக இருந்தது. நகத்தால் பிரித்தால்தான் வெள்ளை தெரிந்தது.

"இதையே குடுங்க. டிவிக்குச் சரியா இருக்குமுங்களா?"

"எழுபத்தஞ்சு ஓம். டிவியும் எழுபத்தஞ்சு, கேபிள்காரர் பொட்டியும் எழுபத்தஞ்சு. நடுவுல வேற ஒயரு வந்தா, படம் முட்டித் திரும்பி, மறுபடி வரும். அதான் உன்ற மூணு மூக்கு. ஒட்டுப் போடாதே, மடக்காதே, ஆணி அடிச்சு நசுக்காதே. போ."

வளையமாகச் சுற்றிய ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "என்னம்மா, கெணறு வெட்டப் போறயா?" என்றார் கண்டக்டர். எனக்குக் கோபமே வரவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் சீட்டே தோளில் தொங்குவது போல இருந்தது.

நான் செய்த தப்பு, அந்த எழுபத்தைந்தை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னதுதான்.

"எழுபத்தஞ்சு ஓமா?" என்றார் அப்பா. மேசையிலிருந்து, கம்பியின் தடையை ஓமில் அளக்கும் மீட்டரை எடுத்தார். ஒயரின் இரண்டு நுனியையும் பிடித்து நடுக்கம்பியை அளந்தார். "மூணு." வலையை அளந்தார். "ஒண்ணுகூட இல்ல." கம்பிக்கும் வலைக்கும் நடுவில் வைத்தார். முள் அசையவே இல்லை. "ஏங் கண்ணு, எழுபத்தஞ்சு எங்க?"

அன்னூரிலிருந்து எரிந்த மோட்டாரோடு வந்திருந்த விவசாயி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "உரத்துலயும் இப்பிடித்தானுங்க. மூட்டையில எழுதறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு."

"அது மீட்டருல வராதுங்கப்பா."

"மீட்டருல வராத ஓமு எங்க இருக்குது?"

"அது... படத்துக்கு மட்டும் தெரியுற ஓமுங்க."

அன்னூர்க்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். என் பிசிக்ஸ் புத்தகத்தில் அந்த எழுபத்தைந்து இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எழுபத்தஞ்சு ஓமு ஒயர்ல ஒரு மோட்டாரும் ஓடாது. எந்த முட்டாளும் அதை வாங்க மாட்டான்" என்றார் அப்பா. "ஆனா எழுபத்தஞ்சுன்னு சொல்லி வித்தான்னா எழுபத்தஞ்சு இருக்கோணுமில்ல? திங்கக்கெழம நானே போயித் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்."

"இன்னிக்கு ஒரு நாள் போட்டுப் பாக்கறனுங்கப்பா. கெடு இன்னும் முடியலீங்கள்ல?"

கெடு என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "என்ற கொடியக் கழட்டாதீங்க, சொல்லிப்போட்டேன்." ஆகவே பட்டை ஒயரின் இணைப்பை மட்டும் இரண்டு முனையிலும் கழற்றி, கட்டிய கட்டிலேயே துணிகளோடு அப்படியே விட்டோம். புது ஒயரைச் சுவரோரமாக, எங்கும் மடங்காமல் கொண்டுபோனேன். பின் மாட்டி டிவியைப் போட்டேன்.

ஒரு மூக்கு.

மூக்குத்திகூடத் தெரிந்தது. அந்தச் செய்தி வாசிக்கும் பெண் மூக்குத்தி போட்டிருந்தார் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பட்டறைக்குப் போய் மோட்டாரை ஓடவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்தார். கோடு இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "ஈரத் துண்டு ஒண்ணு கொண்டா" என்றார். புது ஒயர்மேல் போட்டார். ஒரு மூக்கு. எடுத்தார். ஒரு மூக்குதான். "அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே கேடு" என்றாள் அம்மா.

"படம் தெளிஞ்சிருச்சு, ஒத்துக்கறேன்" என்றார் அப்பா கடைசியில். "ஆனா ஏன் தெளிஞ்சுதுன்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரியாத ஒண்ண நாலு வருசம் படிக்க எப்பிடி அனுப்பறது? திங்கக்கெழம சாயங்காலம் ரயிலு. அதுக்குள்ள அந்த எழுபத்தஞ்ச என்ற மீட்டருல காட்டு. கவுன்சிலிங்ல நான் வாயே தொறக்க மாட்டேன்."

இது பேச்சு மாறுவது இல்லையா என்று சண்டை போட்டேன். பிறகு யோசித்தால் எனக்கே அரித்தது. எங்கேதான் இருக்கிறது அந்த எழுபத்தைந்து?

இன்று ஞாயிறு. மதியம் சாப்பிட்டுவிட்டு, ஓடாத ரேடியோ ஒன்றைப் பிரித்து, கரண்டுக்குத் தடை போடும் ரெசிஸ்டர்களைக் கழற்றி வைத்திருக்கிறேன். மிச்சமிருக்கும் ஒயர்த் துண்டு ஒன்றை, டிவிக்குப் பின்னால் ஒரு கிளை போல இணைக்கப் போகிறேன். நுனி சும்மா தொங்கினால், பாய் சொன்னபடி படம் அங்கே முட்டித் திரும்பி வர வேண்டும். மூக்கு கெட வேண்டும். அதே நுனியில், கம்பிக்கும் வலைக்கும் நடுவே எழுபத்தைந்து ஓம் ரெசிஸ்டரை வைத்தால், திரும்பி வர ஒன்றும் மிஞ்சாமல் படம் தெளிய வேண்டும். ரெசிஸ்டரை மீட்டர் காட்டும். அதை அப்பா தன் கையாலேயே அளக்கலாம். ஐம்பது, நூறு என்று வேறு மதிப்புகளையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். எழுபத்தைந்தில் மட்டும் மூக்கு நேரானால், ஒயருக்குள் இருப்பது அதுதான்.

நேராகுமா என்று தெரியாது. ரேடியோவில் எழுபத்தைந்து கிடைக்கவும் இல்லை. அறுபத்தெட்டு ஒன்று, ஆறு புள்ளி எட்டு ஒன்று. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கினால் எழுபத்து நாலு புள்ளி எட்டு. மீதிப் புள்ளி ரெண்டு எங்கே என்று அவர் கேட்பதற்குள் பட்டறையிலிருந்து ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்து வந்துவிட வேண்டும்.