தராசில் ஏறிய பிறை

என் மருமகனைப் பற்றிச் சொல்வதென்றால் தராசிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனிதர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்ப் படிக்கல்லைத் தூக்கிப் பார்ப்பதும், தேய்ந்திருந்தால் அபராதம் போடுவதும்தான் வேலை. அரசாங்கம் ஓய்வைக் கொடுத்துவிட்டது; இவர்தான் வாங்கிக்கொள்ளவில்லை. காய்கறி வண்டிக்காரன் எங்கள் குடியிருப்பு வாசல் வந்தால் கூவுவதை நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு போவான். பேரப்பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ஓர் ஆப்பிளை இருவருக்கும் சமமாகப் பங்கிடுகிறேன் என்று தராசில் வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் சீவி, அந்தப் பக்கம் கொஞ்சம் சீவி, கடைசியில் பிள்ளைகள் கைக்கு விதைதான் வந்தது. சீவியதை எல்லாம் தின்றவள் நான். அதனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல மனிதர். என் மகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அவரோடு யார் பேசுவார்கள்? ஊரில் பாதிப் பேர் அவரிடம் அபராதம் கட்டியவர்கள். மீதிப் பேர் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள். மிச்சமிருந்த ஒரே சிநேகிதர் எதிர்வீட்டு டெய்லர். அவருடைய அளவு நாடா இழுபட்டுப் போயிருக்கிறது என்று இவர் அதை இரண்டாக வெட்டிப்போட்டபோது, "அதான் எல்லாரும் சட்டை இறுக்குதுன்னு சொன்னாங்களா? நான் அவங்க தின்னு கொழுத்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்!" என்று சிரித்தாராம். அன்றிலிருந்து காலையில் இருவரும் சேர்ந்துதான் நடப்பார்கள். இவர் பேசுவார், அவர் சிரிப்பார். அந்த நடை இல்லாவிட்டால் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி யாருக்கும் வேண்டாம் என்பதால் இவருக்கு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கீழே பொதுக்கூடத்தில் குடியிருப்போர் நாள் நடக்கும். பிள்ளைகள் பாட்டு, ஓட்டப்பந்தயம், சாப்பாடு. எந்தச் சாமிக்கும் சம்பந்தமில்லாத விழா. இந்த வருஷம் பார்த்து, மூன்று தரப்புப் பண்டிகையும் அந்த மாதத்திலேயே அடுத்தடுத்து வந்துவிட்டது. மேடையில் எங்கள் விளக்கு அலங்காரம் வைக்க வேண்டும் என்றாள் பல் டாக்டரம்மா. அப்படியானால் எங்கள் நட்சத்திரமும் என்றாள் மாடியில் இருக்கும் பாட்டு டீச்சர். "அப்ப எங்க பிறை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் டெய்லர். மூன்றும் கூடாது என்று எழுந்து நின்றவன் வக்கீல் தம்பி.

"பொது விழான்னா பொதுவா இருக்கணும் சார். சாமியெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குள்ள."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேண்டும் என்றவர்கள் எல்லோரையும் விட, வேண்டாம் என்ற அவனுக்குத்தான் சாமி வந்த மாதிரி ஆட்டம். எனக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. இருந்தும் சொன்னேன்: "பிடிச்சவங்க மாட்டட்டும். பிடிக்காதவங்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காரட்டும்." ஒருவரும் காதில் வாங்கவில்லை. இப்போதும் நான் அதையேதான் சொல்கிறேன்.

கத்திக் களைத்த வக்கீல், "வச்சுத் தொலைங்க. ஆனா மூணும் சமமா இருக்கணும். ஒண்ணு கூடி ஒண்ணு குறைஞ்சா கோர்ட்டுக்குப் போவேன்" என்றான்.

சமம் என்ற சொல் விழுந்ததும் என் மருமகன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று கூட அந்த முகம் அப்படி மலரவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்த பெரிய தராசு பொதுக்கூடத்துக்குப் போனது. ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே எடை என்று உத்தரவு. நட்சத்திரம் பலகையில் செய்தது, கனம். அதன் முனைகளை அறுத்துத் தள்ளினார். விளக்கு நெட்டை, தண்டு போனது. கடைசியாக டெய்லர் பிறையைக் கொண்டுவந்தார். கம்பியை வளைத்து, வெள்ளி நிறத் துணியைத் தன் கையால் தைத்துப் போர்த்தியிருந்தார். நகக்கீற்று மாதிரி அவ்வளவு மெல்லிசு. அது எங்கள் தரப்பு இல்லை, இருந்தும் என்னால் கண்ணெடுக்க முடியவில்லை.

தராசில் வைத்தார்கள். தட்டு அசையவே இல்லை.

"எடை பத்தாது" என்றார் என் மருமகன்.

"பிறைக்கு என்னய்யா எடை? அது என்ன உருளைக்கிழங்கா?"

"மத்த ரெண்டும் எவ்வளவோ, இதுவும் அவ்வளவு இருக்கணும்."

"நான் உன் சிநேகிதன்யா!"

"அதனாலதான் இன்னும் கவனமாப் பாக்குறேன்."

டெய்லர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "நீயே சரி பண்ணிக்க" என்று பிறையைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எதிர்க்கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தனியாகக் கிளம்பியவர் தெருமுனையிலிருந்தே திரும்பி வந்தார். "என்ன மாப்ள, அதுக்குள்ளயா?" என்றேன். "வெயில் அத்தை" என்றார். சூரியன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

"போய் ஒரு வார்த்தை பேசினா என்னங்க?" என்றாள் என் மகள்.

"பேசி என்ன ஆகப் போகுது? பிறையைப் பாஸ் பண்ண வச்சுக் காட்டுறேன். தன்னால வருவான்."

சிநேகிதனைத் திரும்பக் கூப்பிட அவருக்குத் தெரிந்த வழி அதுதான். பிறையைப் பிரித்து உள்ளே பஞ்சு அடைத்தார். பஞ்சு போதாமல் கூழாங்கல்லும் போட்டுத் தைத்தார். பஞ்சு ஏது என்கிறீர்களா? அன்று மத்தியானம் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று போனால், என் தலையணை சப்பட்டையாகக் கிடக்கிறது!

விழா அன்று திரை விலகியது. மேடையில் வரிசையாக மூன்று உருண்டைகள். முனை போன நட்சத்திரம், தண்டு போன விளக்கு, பௌர்ணமி ஆகிவிட்ட பிறை.

"இதுல எங்க விளக்கு எது?" என்றாள் பல் டாக்டரம்மா.

"நடுவுல இருக்கறது உங்களோடதா? ஐயோ, எங்களோடதுன்னு நெனச்சுக் கும்பிட்டுட்டேனே!" என்றாள் பாட்டு டீச்சர்.

வக்கீல் மட்டும் எழுந்து கைதட்டினான். "அருமை சார்! எந்த மதமும் தெரியல. இதைத்தான் நான் கேட்டேன்."

அவ்வளவுதான். மூன்று தரப்பும் ஒன்றாக எழுந்து என் மருமகன் மேல் பாய்ந்தது. ஒற்றுமை, ஒற்றுமை என்று வருஷம் முழுக்கச் சங்கத்தில் பேசுகிறார்களே, அதை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன்.

இவர் கடைசி வரிசையிலிருந்த டெய்லரையே பார்த்தபடி நின்றார். டெய்லர் எழுந்தார். வெளியே போய்விடுவார், இனி இந்த மனிதர் தெருமுனை கூடத் தாண்டமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் டெய்லர் மேடைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து, பிறையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னய்யா தையல்? கோணியா தைச்ச?"

"வீட்ல கோணி ஊசிதான் இருந்துச்சு."

"கையில குத்திக்கிட்டியா?"

இவர் விரலைக் காட்டினார். துணி சுற்றியிருந்தது.

டெய்லர் தையலை வெட்டினார். கூழாங்கற்கள் மேடையெல்லாம் உருண்டன, என் பஞ்சு பறந்தது, பிறை பழையபடி இளைத்தது. டெய்லர் அதைத் தூக்கிக் கட்ட ஏணியில் ஏறினார். என் மருமகன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எடை குறையுது! நான் கோர்ட்டுக்குப் போவேன்!" என்று கத்தினான் வக்கீல்.

"தாராளமாப் போங்க தம்பி" என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். "தராசையும் கூடவே தூக்கிட்டுப் போங்க. சாட்சிக்கு ஆகும்."

ஏணி மேலிருந்து முதலில் சிரித்தவர் டெய்லர்தான்.

வக்கீல் தம்பி உண்மையாகவே தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வழக்கும் போடவில்லை, தராசும் திரும்பி வரவில்லை. காய்கறி வண்டிக்காரன் இப்போது எங்கள் வாசலில் நின்று கூவுகிறான். பல் டாக்டரம்மாவும் பாட்டு டீச்சரும் அடுத்த வருஷம் நடுவில் யாருடையது என்று இப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். காலையில் எதிர்க்கதவு திறக்கிறது. இரண்டு பேரும் நடக்கப் போகிறார்கள். இவர் பேசுகிறார், அவர் சிரிக்கிறார்.

என் பஞ்சைப் பொறுக்கிக் கொடுக்கத்தான் எந்தத் தரப்பிலும் ஆளில்லை.