கொன்ராட் பார்த்த பவுண் விலை

கொன்ராட்டிடம் ஒரே ஒரு கோப்பை இருந்தது. அதனால்தான் அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை.

அவரிடம் கேட்டால், "வேலையால வந்தா களைப்பு, ஆரோட கதைக்கிற?" என்பார். கல்லடிப் பக்கம் ஐஸ் தொழிற்சாலையில் யந்திரம் பார்க்கிற வேலை, களைப்பும் பொய்யில்லை. ஆனால் காரணம் கோப்பைதான். சுனாமி டச்பார்க் கடற்கரையில் இருந்த அவர் வீட்டையும் மனைவி பட்ரிசியாவையும் கொண்டுபோய்விட்டு, அவள் சீதனமாகக் கொண்டுவந்த ஆறு நீலப்பூக் கோப்பைகளில் ஒன்றை மட்டும் காதுகூட உடையாமல் மணலுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தது.

வந்தவருக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்காரர் வெறுங்கையோடு இருப்பதும், ஆளுக்கொரு விதமான கோப்பை வைப்பதும் பட்ரிசியா இருந்தவரை, போர்த்துக்கேயர் வழிவந்த அந்தப் பறங்கி வீட்டில் நடக்காத காரியங்கள். அவள் போன பிறகும் அவை நடந்துவிடாமல் கொன்ராட் பார்த்துக்கொண்டார். நிவாரணத்தில் கிடைத்த, ஒன்றோடொன்று சேராத ஆறு கோப்பைகளில் ஆணியும் திருகாணியும் இருந்தன. ஆட்களைக் கூப்பிட வேண்டுமென்றால் அதே பூவில் இன்னொரு கோப்பை வேண்டும். மூன்றரை வருடமாக அது கிடைக்கவில்லை, ஆட்களும் இல்லை.

2008 ஜூலையில் கிடைத்தது. மெல்பேர்னில் இருக்கும் தங்கை கிம்பர்லிக்குத் தொலைபேசி எடுக்க, பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள மீராசாஹிப்பின் கொமியூனிகேஷன் கடைக்கு அவர் போவது வழக்கம். அன்று கோப்பையையும் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அதன் அடியில் இருந்த பெயரை மீராசாஹிப் இணையத்தில் தட்டினார். இங்கிலாந்தில் ஒரு பெண் அதே கோப்பையைத் தட்டோடு விற்றுக்கொண்டிருந்தாள்.

"கோப்பை பதினாலு பவுண், அனுப்புற கூலி பதினாறு. சாமானவிட அதுர பயணச் செலவு கூட அண்ண!" என்றார் மீராசாஹிப். "பவுண் இண்டைக்கு இருநூற்றிப் பத்து. ஆறாயிரத்து முன்னூறு வருது. இந்தக் காசுக்கு இஞ்ச ரெண்டு டசின் வாங்கலாம்."

"ரெண்டு டசின் எனக்கு என்னத்துக்குத் தம்பி? ஒண்டு போதும்."

"அப்ப கொஞ்சம் பொறுங்க. பவுண் இறங்கும்போல இரிக்கி."

பவுண் இறங்கியது. கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. வங்கியில் கேட்டு வந்து டொலர், பவுண், றியால் விலைகளை மீராசாஹிப் காலையில் எழுதுவார். வெளிநாட்டில் பிள்ளை உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவார்கள். கொன்ராட்டும் தினமும் பாலம் கடந்து சைக்கிளில் வந்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்து. நூற்றெண்பது. லண்டன் காசு வருகிறவர்கள் முகம் வாடி நிற்க, இவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். "என்ன பவுண்காரர், இண்டைக்கும் பெருநாளோ?" என்று கேலி செய்தார்கள். நாலு வருடத்தில் இவரைப் பெயர் வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் அதே மாதங்களில் அவுஸ்திரேலிய டொலரும் விழுந்தது. கிம்பர்லி மாதாமாதம் அனுப்பும் நூறு டொலர் பத்தாயிரம் ரூபாயிலிருந்து ஏழாயிரத்துக்கு வந்து நின்றது.

"ஒரு கையால மிச்சம் பிடிக்கிறீங்க, மற்றக் கையால கொட்டுறீங்க," என்றார் மீராசாஹிப்.

"அது வாற காசு, இது போற காசு. ரெண்டையும் கலக்கப்படாது தம்பி."

கணக்குத் தெரியாமல் சொல்லவில்லை. கோப்பையை வாங்கிவிட்டால் காலையில் பலகைக்கு வர என்ன காரணம் இருக்கும்? ஆட்களைக் கூப்பிடத்தான் கோப்பை. கோப்பைக்காகக் காத்திருந்ததில் ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

ஜனவரியில் பவுண் நூற்றறுபது. "இனியும் பொறுத்தா வேற ஆரும் வாங்கிருவாங்க அண்ண," என்று மீராசாஹிப் மிரட்டினார். கொன்ராட் நாலாயிரத்து எண்ணூறு ரூபாயைக் கொடுத்தார். கொன்ராட்டிடம் கடனட்டை இல்லை. மீராசாஹிப் தன் அட்டையில் வாங்கினார்.

பெப்ரவரியில் அட்டைக்கான பில் வந்தது. ஐயாயிரத்து இருநூற்று இருபது.

வங்கியில் விலை இரண்டு நிரலில் இருக்கும். மக்கள் கொண்டுவரும் பவுணை வங்கி வாங்கும் விலை ஒன்று. மக்களுக்கு அது விற்கும் விலை மற்றது, அதைவிடக் கூட. அட்டைக்கு அதற்கு மேலும் ஒரு கட்டணம். மீராசாஹிப்பின் பலகையில் முதல் நிரல் மட்டும்தான். இரண்டாவதை யாரும் கேட்டதில்லை. இந்த ஊருக்குப் பவுண் வந்துதான் பழக்கம். இங்கிருந்து பவுண் போனதில்லை. ஆறு மாதமாகக் கொன்ராட் மட்டும் தனக்குப் பிழையான நிரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பலகைப் பிழை, என்ர பிழை. விடுங்க," என்றார் மீராசாஹிப்.

"விடேலா. நானூற்றி இருபது என்ர கணக்கு. இப்ப கையில இல்ல. கோப்பை வந்த பிறகு வீட்டுப் பக்கம் வாங்க தம்பி, தாறன். தேத்தண்ணியும் குடிக்கலாம்."

காசு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் காசு விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. கொடுத்துவிட்டால் மீராசாஹிப் வர வேண்டிய தேவை இல்லையே.

மார்ச்சில் பார்சல் வந்தது. இரண்டும் ஒரே பூ. புதியது சற்று வெள்ளை. கொன்ராட் சீனியும் பால்மாவும் வாங்கி வைத்தார். கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். போனால் காசைக் கொடுக்க வேண்டும்.

மீராசாஹிப் வரவில்லை. "அவர் தாறதெண்டவர்தானே, போய் வாங்கன்," என்று யாரோ சொன்னதற்கு, "மனிசியக் கடலுக்குக் குடுத்த மனிசன். என்ர பிழைக்கு அவர்ர படியேறிக் காசு கேக்கிறதா?" என்று கோபப்பட்டாராம். கொன்ராட் கடைக்கு வராததையும் காசு இல்லாத வெட்கம் என்றே எடுத்துக்கொண்டார். இருவரும் மிக நல்லவர்கள், அதில்தான் சிக்கல்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. கடையில் தொலைபேசிகள் ஓயவில்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மீராசாஹிப்புக்குப் பலகை எழுதவும் நேரம் இல்லை. பவுண் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. அந்த நானூற்று இருபது மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புதிய கோப்பையின் தட்டுக்குக் கீழே நாலாக மடித்தபடி இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கொன்ராட் இரண்டு கோப்பைகளையும் கழுவித் துடைத்து மேசையில் எதிரெதிராக வைப்பார். வாசல் பக்கம் பார்த்தபடி, வெள்ளை குறைந்ததில் தனக்கு ஊற்றிக்கொள்வார்.