கிளிக்கம்மா சாய்ச்ச மெஷின்

ஆபரேஷன் தியேட்டர்ல எக்ஸ்ரே எடுக்குற அந்தம்மாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. கிளிக்கம்மாதான். டாக்டர் "படம்!"னு வாயைத் திறந்தா போதும், கால் பெடலைக் "கிளிக்"னு அமுக்கியிருக்கும். எக்ஸ்ரே கதிர் படாம இருக்க கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் ஈயக் கவசம். "அவ்ளோ கனத்தை நாள் பூரா சுமக்குற, இந்த கேஸ் சிலிண்டரை உருட்ட மாட்டியா?"ம்பார் வீட்டுக்காரர். "அதுக்கு சம்பளம் தர்றாங்க, நீங்க தர்றீங்களா?"ன்னு திருப்பிப் போடுவாங்க. வாய் அப்படி. வேலைன்னு வந்துட்டா விளையாட்டே கிடையாது.

அன்னைக்கு மேசையில ஒரு பஸ் டிரைவர். இடுப்பு மூட்டு தேஞ்சு, கிளட்சை மிதிக்க முடியாம வீட்டோட கெடந்தவர். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு. நெஞ்சுக்கு நேரா திரை. திரைக்கு அந்தப் பக்கம் மனுஷன் நல்லா தூங்குறார்னு எல்லாருக்கும் நெனப்பு.

வளைஞ்ச கை மாதிரி இருக்குற எக்ஸ்ரே மெஷினை இடுப்புக்கு மேல நிறுத்தி, படத்தைப் பாத்துப் பாத்து டாக்டர் தேஞ்ச மூட்டுக்குப் பதிலா வைக்கிற இரும்புக் கப்பை இடுப்பெலும்புக்குள்ள அடிச்சு இறக்கினார். அச்சா உக்காந்துச்சு. அப்புறம் தொடை எலும்பு வேலைக்கு இடம் வேணும்னாரு. கிளிக்கம்மா மெஷினை சாய்ச்சு ஒதுக்கினாங்க. எல்லாம் முடிஞ்சு, கடைசியா ஒரு படம்.

கிளிக்.

டாக்டர் மூஞ்சி செத்துப்போச்சு. "ஐயய்யோ... கப்பு திரும்பிடுச்சே!"

நர்ஸ் கையில இருந்த கிண்ணம் டங்குன்னு தட்டுல விழுந்துச்சு.

"வேற வழியில்ல. கழட்டணும். எலும்பு ஒடஞ்சாலும் ஒடையும். சுத்தியலைக் குடு."

கிளிக்கம்மாவுக்கு இடிச்சுது. அடிச்சு இறக்கின கப்பு எப்படித் திரும்பும்? டிவியில தெரிஞ்ச எக்ஸ்ரே படத்தை உத்துப் பாத்தாங்க. கப்பு மட்டுமில்ல, இடுப்பெலும்பே நசுங்கின மாதிரி இழுத்துக்கிட்டு நின்னுச்சு. கை தானா மெஷின் மேல போத்தியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தடவுச்சு. உறைக்குள்ள, மெஷினோட சாய்வைக் காட்டுற முள்ளு நேரா இல்ல. ஒதுக்குறப்போ சாய்ச்சது, சாய்ச்சபடியே இருந்துச்சு.

"டாக்டர், அடிக்காதீங்க! கப்பு திரும்பல, மெஷின்தான் சாஞ்சிருக்கு. நான்தான் நிமித்த மறந்துட்டேன்!"

ஓங்கின சுத்தியல் அந்தரத்துல நின்னுச்சு. கிளிக்கம்மா மெஷினை நிமித்தி, பெடலை அமுக்கினாங்க. கப்பு அச்சா இருந்துச்சு, முதல்ல உக்காந்தபடியே.

டாக்டர் சுத்தியலைத் தட்டுல வைக்கப்போய் ரெண்டு தரம் தவறவிட்டார்.

அப்பதான் திரைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து குரல்: "டாக்டர்... நான் முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

கிளிக்கம்மாதான் தலைமாட்டுக்கு ஓடினாங்க. டிரைவர் கண்ணு ரெண்டும் முட்டை சைஸுக்கு இருந்துச்சு.

"என் தப்புண்ணே. மன்னிச்சிருங்க."

"கழட்டிட்டாங்களா?"

"இல்லண்ணே. கப்பு பத்திரமா இருக்கு."

"அப்ப இங்க ஏம்மா வந்து நிக்குற? போ, போய் அந்த மெஷினைப் பிடிச்சுக்க!"