இன்னும் எத்தனை லாரி?

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. இது நெவேனாவுக்கு நடந்தது. பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் அவள் வாயாலேயே சொன்னது. நள்ளிரவு, இருட்டு என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ரொடோப் மலைக்குள், மூடுபனி கலையாத ஒரு முற்பகலில், பத்துப் பேர் நடமாடும் இடத்தில் நடந்தது.

நெவேனாவின் வேலை கான்கிரீட்டை ஒட்டுக்கேட்பது. பாலத்தின் பீமில் சென்சார்களை ஒட்டிவிட்டுக் கணினி முன்னால் உட்காருவாள். பாரம் ஏறும்போது உள்ளே மயிரிழை அளவு விரிசல் விட்டாலும், நம் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் திரையில் புள்ளியாக விழும். எந்த இடத்தில் என்பதும் தெரிந்துவிடும். புதுக் கான்கிரீட் முதல் பாரத்துக்குக் கொஞ்சமாவது முனகும். ஏற்கெனவே தாங்கிய பாரத்தை மறுபடி ஏற்றினால் மட்டும் வாயே திறக்காது. அதற்கு அவ்வளவு ஞாபகசக்தி.

அன்றைக்குப் புதுப் பாலத்துக்குச் சோதனை. மணல் ஏற்றிய ஆறு லாரிகள் ஒவ்வொன்றாக ஏறி, நடுப்பாலத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி பாலத்தை வடிவமைத்தவர் அதன் அடியில் நிற்பார். அவர் நிற்காவிட்டால் ஒரு டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான். இந்தப் பாலத்தை வடிவமைத்தவன் யாசென், நெவேனாவின் கணவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

லாரிகளுக்குக் கைகாட்டும் மேஸ்திரி நாய்டென் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே சிரித்தார்.

"சண்டை ஏதாவது பாக்கியிருந்தா இப்பவே முடிச்சுக்குங்க மேடம். கீழே நிக்கிற ஆளு எங்கயும் ஓட முடியாது."

முதல் லாரி ஏறியது. திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டாவது ஏறியது. அப்போதும் இல்லை.

கருவிதான் கெட்டுவிட்டதோ என்று நெவேனா பாலத்தின் ஓரத்துக்கு ஓடி, பென்சில் முனையை பீமில் அழுத்தி ஒடித்தாள். சென்சாரைச் சோதிக்க அதுதான் வழி. 'டிக்'... திரும்பி வந்து பார்த்தால் அந்தச் சின்ன முறிவு திரையில் பளிச்சென்று விழுந்திருந்தது. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை.

"இதுக்கு முன்னாடி மேலே வண்டி ஏதாவது போச்சா?"

"சைக்கிள்கூடப் போகல மேடம். தடுப்பையே இன்னிக்குத்தான் எடுத்தோம்."

அப்படியானால் இந்தக் கான்கிரீட் எந்தப் பாரத்தை ஞாபகம் வைத்திருக்கிறது?

மூன்றாவது லாரி. அதே மௌனம்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"யாசென், கீழே எப்படியிருக்கு?"

"குளிர்தான். நல்லவேளை, பேச்சுத்துணைக்கு நீ அனுப்பின பெரியவர் இருக்கார்."

"யாரு?"

"தொப்பி போட்டவர். இன்னும் எத்தனை லாரி, இன்னும் எத்தனை லாரின்னு கேட்டுக்கிட்டே இருக்கார்."

அவள் யாரையும் அனுப்பவில்லை.

வேண்டாம் என்று கத்துவதற்குள் நான்காவது லாரியின் முன்சக்கரம் பாலத்தில் ஏறிவிட்டது. மணி 10.42. திரையில் ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மழைபோல... எல்லாம் ஒரே இடத்தில். யாசென் தலைக்கு நேர் மேலே.

நாய்டென் கையை உயர்த்தினார். லாரி நின்றது. மெல்லப் பின்னால் போனது.

புள்ளிகள் நிற்கவில்லை.

"யாசென், வெளியே வா."

"முடியல..."

"ஏன்?"

"கையைப் பிடிச்சிருக்கார்... நாலாவதுக்குப் பயந்து ஓடக்கூடாதுங்கறார்..."

ஓடினாள். சரிவில் விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

யாசென் தனியாக நின்றான்.

பக்கத்தில் யாரும் இல்லை.

வலது கை மட்டும் முன்னால் நீட்டியபடி...

கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவன் கோட்டின் கைப்பகுதி மணிக்கட்டைச் சுற்றிக் கல்லாக இறுகியிருந்தது. நாய்டென் கத்தியால் அறுத்து எடுத்தார். துணியோடு சேர்ந்து வந்தது கான்கிரீட்.

அந்த வாரமே பீமைத் துளைத்துப் பார்த்தார்கள். மயிரிழை விரிசல்கூட இல்லை. பாதியில் நின்ற சோதனை செல்லாது, வெள்ளிக்கிழமை முதலிலிருந்து நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. நெவேனா அழுது பார்த்தாள். "நான் வரைஞ்ச பாலத்துக்கு அடியில வேற யாரை நிக்கச் சொல்றது?" என்றான் யாசென்.

வியாழக்கிழமை நாய்டென் ஊருக்குள் விசாரித்துவிட்டு வந்தார்.

"இதே இடத்துல முன்னாடி ஒரு பாலம் கட்டியிருக்காங்க மேடம். சோதனையில நாலாவது லாரி ஏறினதும் விழுந்திருச்சு. அடியில நின்ன இன்ஜினியரோட உடம்பு கிடைக்கவே இல்லியாம். இடிஞ்சதெல்லாம் அப்படியே கரையில கிடந்திருக்கு. அதை உடைச்சு ஜல்லியாக்கித்தான் நம்ம பாலத்துக்குப் போட்டிருக்காங்க."

அந்த ஜல்லி கலக்காத பீமுக்கு அடியிலாவது அவனை நிறுத்திவிடலாம் என்று நெவேனாவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

"எந்த பீம்ல போட்டாங்க?"

நாய்டென் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாத்துலயும்தான் மேடம்."